ஒரே தண்டவாளம், பல விலைகள்: மலையகப் புகையிரதக் கட்டணங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளும் மலையகப் பாதையில், ஹட்டனில் ஒரே வண்டியில் ஏறிப் பண்டாரவளையில் ஒன்றாக இறங்கும் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத மூன்று விலைகளைக் கொடுத்திருக்கக்கூடும். ஒருவர் தூரத்துக்குப் பணம் கொடுத்திருப்பார். இன்னொருவர் ஆசனத்துக்குக் கொடுத்திருப்பார். மூன்றாமவர் அந்த ஆசனத்தை முந்திக்கொண்டு வாங்கி வைத்திருந்த இடைத்தரகருக்குக் கொடுத்திருப்பார். இந்தச் சேவையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் தேயிலை மலைகளையும் எழுதிவிட்டுக் கட்டணத்தை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள். பாதையோரத்தில் வாழும் நமக்குக் காட்சி புதிதல்ல. நமக்குத் தெரியவேண்டியது, கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதும், அந்தக் காசு ஏன் ஒரு நாள் ஒரு விதமாகவும் மறுநாள் வேறு விதமாகவும் இருக்கிறது என்பதுமே.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முற்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு, இன்றைய விலைவாசியில் மலையகத்தில் காசுக்குப் பெறுமதி தரும் மிகச் சில சேவைகளில் ஒன்று. முற்பதிவு ஆசனமோ, பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறவருக்கு நியாயமானது. இடையில் ஏறி இடையில் இறங்கும் மலையகவாசிக்கு அநியாயமானது. குழப்பம் முழுவதும் இவ்விரண்டும் ஒரே பெயரில், ஒரே கருமபீடத்தில், போதிய விளக்கமின்றி விற்கப்படுவதிலிருந்து பிறக்கிறது.

முற்பதிவில்லாத சீட்டின் கணக்கு எளியது. தூரம் கூடக் கட்டணம் கூடும். வகுப்பு உயரக் கட்டணம் உயரும். வண்டி வருவதற்குச் சற்று முன்னர் கருமபீடத்தில் வாங்கிக்கொள்ளலாம். இடம் முடிந்துவிட்டது என்று எவரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள். நிற்க இடமிருக்கிறதா என்பது வேறு விடயம். சிறிய நிலையங்களில் விரலளவு நீளமுள்ள கட்டியான அட்டைச் சீட்டை, திகதி குத்தும் இரும்புப் பொறிக்குள் ‘டக்’கென்று செலுத்தி எடுத்துக் கொடுக்கும் பழைய முறையை நம்மில் பலர் சிறு வயதிலிருந்தே அறிவோம். பெரிய நிலையங்களில் கணினி அச்சிட்ட மெல்லிய தாள் வந்துவிட்டது. எதுவாயினும் அதில் விலை அச்சிடப்பட்டிருக்கும்; அந்த விலையைத்தான் கொடுப்போம்.

இந்தக் கட்டணமும் ஏறாமலில்லை. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 ஜூலையில் மூன்றாம் வகுப்பின் குறைந்த கட்டணம் 10 ரூபாயிலிருந்து 20 ரூபாயாக உயர்ந்தது. ஒரே நாளில் இரட்டிப்பு என்று கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்னர் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாயைத் தொட்டிருந்தது. அதே மாதத் தொடக்கத்தில் பஸ்ஸின் குறைந்த கட்டணம் 40 ரூபாயாக இருந்தது. இரட்டிப்பான பிறகும் புகையிரதம் பஸ்ஸின் ஏறத்தாழப் பாதி விலையில் நின்றது. அந்த மாதங்களில் எரிபொருள் வரிசைகளுக்கு நடுவில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து மக்கள் கோச்சியை நம்பி வாழ்ந்ததை மறக்க முடியாது. ஆகவே, கட்டணம் ஏறிவிட்டது என்ற பொதுவான முறைப்பாட்டை இந்த வகைச் சீட்டின்மீது நான் சுமத்தமாட்டேன்.

முற்பதிவு ஆசனத்துக்கு வருவோம். அங்கே கிலோமீற்றர் கணக்குப் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. எந்த வண்டி, எந்த வகுப்பு என்பவற்றைக் கொண்டே விலை நிர்ணயமாகிறது. நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள் என்பது அதை நேர் விகிதத்தில் குறைப்பதில்லை. கண்டியில் ஏறி எல்லவில் இறங்கும் சுற்றுலாப் பயணிக்கு ஆறு ஏழு மணிநேரப் பயணத்துக்கு அந்த விலை ஒரு பொருட்டே அல்ல. அவருடைய நாட்டில் ஒரு கோப்பை கோப்பியும் ஒரு பணிசும் அதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனால் நானுஓயாவில் ஏறி அப்புத்தளையில் இறங்கவேண்டிய ஒருவர், கைக்குழந்தையுடனோ, கிளினிக்குக்குப் போய்வரும் நோயாளியுடனோ உட்கார ஓர் இடம் உறுதியாக வேண்டுமென்று முற்பதிவு செய்தால், தான் போகாத தூரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்.

இதை மலையகத்தின் அளவுகோலால் அளந்து பார்க்கவேண்டும். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ரூபாயாக்கி, வருகைக்கான 200 ரூபாயையும் சேர்த்து 1,750 ரூபாய் என்று அறிவித்தார்கள். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் இடத்துக்கு) போய், நிறை குறையாமல் கொழுந்து எடுத்து, முழுப் பேர் (முழு நாள் வேலைக் கணக்கு) விழுந்தால்தான் அந்தப் பணம். முற்பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்குப் போய்வர அதில் ஒரு சிறு பகுதி போதும். முற்பதிவு ஆசனமோ ஒரு முழு நாட்சம்பளத்தோடு போட்டியிடுகிறது. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் திருமண வீட்டுக்குப் போய்வர வேண்டுமென்றால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே மனம் வராது. வான் ஒன்றைக் கூட்டாக அமர்த்துவது மலிவாகிவிடுகிறது. பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

விலையைவிட அதைச் சுற்றியுள்ள தெளிவின்மையே மக்களை அதிகம் வருத்துகிறது. மலைப்பாதையில் உள்ள ஒரு நிலையத்தில், நீல நிற வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தபோது, தோட்டத்திலிருந்து மரக்கறி மூட்டையுடன் வந்த ஒரு வயதான அம்மா கையில் அட்டைச் சீட்டை வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றதைப் பார்த்தேன். “தம்பி, இந்தக் கோச்சியில எங்க டிக்கட்டு செல்லுமா? போன தடவை இறக்கி விட்டுட்டாங்க” என்று பக்கத்தில் நின்ற ஊழியரைக் கேட்டார். “செல்லுங்க அம்மா, ஆனா இந்தப் பெட்டியில ஏறாதீங்க. பின்னால கடைசிப் பெட்டிக்குப் போங்க” என்று அவர் பொறுமையாகவே சொன்னார். அந்த அம்மா மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடையின் நீளத்துக்கும் ஓடினார். ஊழியர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சீட்டு எந்த வண்டியில் செல்லும், அந்த வண்டியின் எந்தப் பெட்டியில் செல்லும் என்பதைப் பயணி ஓடிக்கொண்டே கண்டுபிடிக்கவேண்டிய நிலைதான் குறை. சில வண்டிகளில் முற்பதிவுப் பெட்டிகளும் சாதாரணப் பெட்டிகளும் கலந்திருக்கும். சுற்றுலாவுக்கென்றே விடப்படும் வண்டிகளில் சாதாரணச் சீட்டுக்கு இடமே இராது. தவறான பெட்டியில் ஏறினால் தண்டப்பணம். மேடையில் எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று ஒரு பலகை, தமிழிலும் சிங்களத்திலும், வைப்பதற்குப் பெரிய செலவாகாது.

முற்பதிவுச் சீட்டைப் பெறுவது தனிக் கதை. பயண நாளுக்கு ஒரு மாதம் முன்னதாக இணையத்தில் விற்பனை திறக்கிறது. 2025 ஜனவரியில், கண்டிக்கும் எல்லவுக்கும் இடையிலான சுற்றுலா வண்டியின் சீட்டுகள் 42 செக்கன்களில் விற்றுத் தீர்ந்ததாக வெளியான செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது; குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது, கைதுகளும் நடந்தன. தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கத்துடன் சீட்டை இணைத்தது இந்த மொத்தக் கொள்வனவைத் தடுப்பதற்கான வழி. ஆயினும் இடைத்தரகர் ஒழிந்துவிட்டார்களா என்றால் இல்லை. உறவினர் ஒருவருக்காக ஒரு தனியார் முகவரை விசாரித்தபோது, அச்சிட்ட விலையைப் போல் மும்மடங்குக்கு மேல் கேட்டார்கள். அதில் ‘சேவைக் கட்டணம்’ எவ்வளவு, உண்மையான சீட்டின் விலை எவ்வளவு என்று பிரித்துக் காட்டக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. இந்த வகைப் பேரம் உள்ளூர்ப் பயணியைக் குறிவைத்து நடப்பதல்ல. ஆனால் அதன் விளைவு உள்ளூர்ப் பயணியைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறது, ஏனெனில் வங்கி அட்டையும் வேகமான இணைய இணைப்பும் ஒரு மாதம் முன்னதாகவே திட்டமிடும் வசதியும் சுற்றுலாப் பயணிக்கு உண்டு, லயன் வீட்டில் இருப்பவருக்குப் பெரும்பாலும் இல்லை. சாவு வீட்டுக்கு யார் ஒரு மாதம் முன்னதாகப் பதிவு செய்வார்கள்?

பெட்டிகளின் தரத்தைப் பற்றிச் சொல்வதானால், விலைக்கும் சுகத்துக்கும் இருக்கவேண்டிய ஒழுங்கு இந்தப் பாதையில் பல இடங்களில் தலைகீழாகக் கிடக்கிறது. குளிரூட்டப்பட்ட முதல் வகுப்பின் ஜன்னல்கள் திறக்காதவை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில், நாட்டிலேயே உயர்ந்த புகையிரத நிலையமான பட்டிப்பொலவில், இயற்கையே குளிரூட்டிக் கொடுக்கும் காற்றைக் கண்ணாடிக்கு வெளியே விட்டுவிட்டு, இயந்திரக் குளிருக்கு மேலதிகப் பணம் கொடுப்பது எனக்கு எப்போதும் விளங்காத காரியம். இரண்டாம் வகுப்பு ஆசனங்கள் நீண்ட பயணத்துக்கு இதமானவை, ஜன்னலும் திறக்கும். முற்பதிவு கிடைத்தால் பணத்துக்கு மோசமில்லை. மூன்றாம் வகுப்பின் முற்பதிவு ஆசனத்துக்கும் முற்பதிவில்லாத ஆசனத்துக்கும் இடையில், உட்காரும் இடம் உறுதி என்பதைத் தவிர, கூறும்படியான வேறுபாடு இல்லை. கழிப்பறைகளைப் பற்றி எழுதாமல் விடுவதே நாகரிகம்; எந்த வகுப்பின் கட்டணமும் அவற்றைக் காப்பாற்றவில்லை.

நெரிசலை மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். டிசெம்பர் தொடங்கி சித்திரை வரையில், கண்டியிலிருந்து வரும் பகல் வண்டி ஹட்டனுக்கு வந்து சேரும்போது வாசல்களில் தொங்கிக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் நிற்பவர்களால் உள்ளே கால் வைக்க முடிவதில்லை. கொட்டகலையிலும் தலவாக்கலையிலும் பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போவோரும் ஏற முயன்று, சிலர் ஏறாமலே திரும்புகிறார்கள். அவர்களும் அதே சீட்டைத்தான் வாங்கியிருக்கிறார்கள். முற்பதிவுப் பெட்டிகள் கூடக்கூடச் சாதாரணப் பெட்டிகள் குறைந்துவிடுகின்றன என்று பயணிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு வண்டியில் எத்தனை சாதாரணப் பெட்டிகள் இருக்கும் என்பதையும் கால அட்டவணையோடு சேர்த்து வெளியிட்டால் இந்தப் பேச்சு உண்மையா பொய்யா என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம். 20 ரூபாய்க் கட்டணம் மலிவுதான். ஏற முடியாத வண்டிக்கு அது மலிவா என்று கேட்பவருக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

நியாயத்தின் மறுபக்கத்தையும் பேசவேண்டும். கண்டி வரை 1867இலும், நாவலப்பிட்டிக்கு 1874இலும், நானுஓயாவுக்கு 1885இலும், இறுதியாகப் பதுளைக்கு 1924இலும் வந்து சேர்ந்த இந்தப் பாதை, முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் போடப்பட்டது. பயணியின் வசதிக்காக அல்ல. நாற்பத்து நான்கு அடி ஓடினால் ஓரடி ஏறும் சரிவும், மிகக் குறுகிய வளைவுகளும் கொண்ட இதில் வேகமாகவும் ஓட முடியாது, குறைந்த எரிபொருளிலும் ஓட முடியாது. மழைக்காலத்தில் மண்சரிவைத் துப்புரவாக்குவதே ஆண்டுதோறும் ஒரு பெருஞ்செலவு. சாதாரணச் சீட்டில் கிடைக்கும் வருமானத்தைக் கொண்டு இதைப் பராமரிக்க முடியாது என்பதும், நாட்டின் புகையிரதச் சேவை பல்லாண்டுகளாக நட்டத்தில் ஓடுகிறது என்பதும் மறைக்க முடியாத உண்மைகள். 2018இல் 23 இலட்சத்தைத் தாண்டி, இடையில் விழுந்து, 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டிய சுற்றுலாப் பயணிகளிடமிருந்து அந்தச் செலவில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. எல்ல ஒடிசி போன்ற சுற்றுலா வண்டிகளுக்கு இன்னும் கூடுதலாக அறவிட்டாலும் நான் கேள்வி கேட்கமாட்டேன். அந்த விலையைச் சுற்றுலா வண்டியோடு நிறுத்திக்கொள்ளாமல், பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே போன்ற அன்றாட வண்டிகளின் ஆசனங்களுக்கும் அதே மனப்பான்மையோடு நீட்டுவதுதான் பிழை. அந்த வண்டிகளில் குறுந்தூரத்துக்கு ஒரு குறைந்த முற்பதிவுக் கட்டணமும், ஒவ்வொரு பெரிய நிலையத்துக்கும் அன்றைய தினமே கருமபீடத்தில் விற்கப்படும் சில ஆசனங்களும் இருந்தால், என் முறைப்பாட்டின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

சீட்டில் அச்சிடப்படாத செலவுகளும் உண்டு. நானுஓயா நிலையத்தில் இறங்குபவர் நுவரெலியாவுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கவேண்டும், அல்லது ஓட்டோவுக்குக் கொடுக்கவேண்டும். அந்தச் சில கிலோமீற்றர்களுக்கான ஓட்டோக் கூலி, ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்கான மூன்றாம் வகுப்புக் கட்டணத்தைப் பல மடங்கு தாண்டிவிடும். தோட்டத்து மேட்டிலிருந்து நிலையத்துக்கு வருபவருக்கும் இதே கதைதான். வண்டி ஒரு மணிநேரம் பிந்தினால் கடைசி பஸ் போய்விடும். அப்போது மலிவான பயணம் மலிவாக இராது. அரச ஊழியர்களுக்கு வொரண்டும் (இலவசப் பயண அனுமதி) பருவச்சீட்டுச் சலுகையும் இருப்பதால் அவர்கள் இந்தக் கணக்குகளைப் பெரிதாக உணர்வதில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு வொரண்ட் கிடையாது.

எந்தச் சீட்டை யார் வாங்கவேண்டும் என்று கேட்டால், என் யோசனை இதுதான். ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும், அப்புத்தளைக்கும் பதுளைக்கும் இடையிலான குறுந்தூரத்துக்கு முற்பதிவை நினைத்தும் பார்க்கவேண்டாம். முற்பதிவில்லாத மூன்றாம் வகுப்பே போதும், முடிந்தால் பகல் எக்ஸ்பிரஸ்களை விட்டு மெதுவாக ஓடும் சாதாரண வண்டியைப் பிடியுங்கள், உட்கார இடம் கிடைக்கும். கொழும்புக்குப் போவோருக்கு இரவு அஞ்சல் வண்டி இன்னும் நல்ல தெரிவு. நீண்ட இரவுக்கு இரண்டாம் வகுப்பு முற்பதிவுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது, விடுதிச் செலவும் மிச்சம். கண்டி செல்வோர் தாம் ஏறும் வண்டி கண்டிக்குள் போகிறதா, கண்டிக்குள் போகாமல் பேராதனையோடு கொழும்புப் பக்கம் திரும்பிவிடுகிறதா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும். பேராதனையில் இறங்கிப் பஸ் பிடிக்கும் செலவைக் கட்டண அட்டவணை எதுவும் சொல்லாது. முதல் வகுப்பு, வயதானவர்களுக்கும் சத்திரசிகிச்சை முடிந்து திரும்புவோருக்கும் உகந்தது. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அச்சிட்ட விலைக்குமேல் யாருக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் இல்லாத சீட்டு பரிசோதகர் வந்தால் வெறும் தாள்.

இவை அனைத்தும் பாதை முழுமையாக இயங்கிய காலத்துப் பயணங்களைக் கொண்டு எழுதியவை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மலையகப் பாதையைப் பல இடங்களில் அறுத்தெறிந்தது. தண்டவாளங்கள் மண்ணில்லாமல் அந்தரத்தில் தொங்கிய படங்களை எல்லோரும் பார்த்தோம். பாதையின் ஒரு துண்டில் மட்டும் வண்டி ஓடும்போது ஆசனக் கட்டணத்தை எதைக் கொண்டு நிர்ணயிப்பது என்ற கேள்வி அப்போது தானாகவே எழுகிறது. தூரத்துக்கு ஏற்ற கட்டணம் என்றால் துண்டுக்குத் துண்டு விலை தானே குறையும். ஆசனத்துக்கு ஒரு விலை என்றால் பாதிப் பாதைக்கு முழு விலையா? பயணி தானே பயணத்தைக் கைவிட்டால் நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் பணம் குறையும் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். வண்டி இடையில் நின்று, மீதியைப் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், யாரிடம் கேட்பது, எத்தனை நாட்களுக்குள் கேட்பது என்பதைச் சீட்டின் பின்புறத்தில் மூன்று வரிகளில், தமிழிலும், அச்சிட்டுத் தரலாம். புதுப்பித்த பாதைக்குப் புதிய கட்டண அட்டவணை போடும்போது இந்த மூன்று வரிகளையும் சேர்த்துக்கொண்டால், அடுத்த மண்சரிவின்போது ஒரு பெட்டி முழுவதும் நிலைய அதிபரின் அறை வாசலில் வரிசையில் நிற்கவேண்டியிராது.